மடித்த அட்டையில் நாற்காலி: வடிவமைப்பும் முன்மாதிரியும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நெளி அட்டையை மடித்து நாற்காலி செய்ய விரும்பும் மாணவர்களும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் பலவும் உலர்ந்த காற்றுள்ள நாடுகளை மனத்தில் கொண்டு வரையப்பட்டவையாகவே தோன்றுகின்றன. நம் ஊரில் நிற்க வேண்டிய நாற்காலியை நம் ஊர்க் காற்றை வைத்தே வடிவமைக்க வேண்டும் என்பதே இவ்விடைகள் அனைத்துக்கும் அடிப்படை.

மடித்த அட்டை ஓர் ஆளின் எடையை உண்மையிலேயே தாங்குமா?

தாங்கும். பொருள் அனுப்பும் பெட்டிகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஒற்றைச் சுவர் நெளி அட்டை ஒன்றின் விளிம்பு நசுங்கு வலிமை, உலர்ந்த நிலையில், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 5.6 கிலோநியூட்டன் ஆகும். அதாவது, ஒரு மீட்டர் நீளமுள்ள விளிம்பு செங்குத்தாக நின்றால், ஏறக்குறைய 570 கிலோ எடை ஏறிய பிறகே அது நசுங்கும். ஒரு நாற்காலியின் சுற்றுச் சுவர்களையும் உள்தடுப்புகளையும் கூட்டினால் தரையில் ஊன்றும் விளிம்பு எளிதாக 2 மீட்டரை எட்டிவிடும். கணக்குப்படி அது 1,140 கிலோ.

இந்த எண்ணை நம்பி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. சுவர் நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்து மடியும். காற்றின் ஈரம் அட்டையைத் தளர்த்தும். நெடுநேரம் சுமை ஏறியிருந்தால், தொடக்கத்தில் தாங்கிய எடையைக்கூட அட்டை பிறகு தாங்காது. இவை ஒவ்வொன்றுக்கும் வலிமையைப் பாதியாகக் குறைத்துக் கணக்கிடுவது என் வழக்கம். 1,140 கிலோவை மூன்று முறை பாதியாக்கினால் ஏறத்தாழ 140 கிலோ மிஞ்சுகிறது. திடீரென ஏறும் சுமை, மெல்ல ஏறும் அதே சுமையைப் போல் இரு மடங்கு அழுத்தம் தரும் என்பது பொறியியலில் அறிந்த விதி. ஆகவே 70 கிலோ எடையுள்ளவர் தொப்பென்று உட்கார்ந்தால் அந்த 140 கிலோவும் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் எடையுள்ளவர்களுக்கு உள்தடுப்புகளைக் கூட்ட வேண்டும், அல்லது இரட்டைச் சுவர் அட்டைக்கு மாற வேண்டும்.

எந்த அட்டையை வாங்குவது? எங்கே கிடைக்கும்?

நெளி அட்டை என்பது இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே நெளித்த தாள் ஒன்றை ஒட்டியது. இதுவே ஒற்றைச் சுவர். மூன்று தட்டைத் தாள்களுக்கு இடையே இரண்டு நெளிகள் இருந்தால் இரட்டைச் சுவர். நெளிகளுக்கு எழுத்துப் பெயர்கள் உண்டு: ‘சி’ நெளி சுமார் 4 மி.மீ., ‘பி’ நெளி சுமார் 3 மி.மீ., ‘இ’ நெளி சுமார் 1.5 மி.மீ. தடிப்புடையவை. ‘பி’யும் ‘சி’யும் சேர்ந்த இரட்டைச் சுவர் 7 மி.மீ. வரை வரும். சிறுவர் நாற்காலிக்கு ‘சி’ நெளி ஒற்றைச் சுவரே போதுமானது. பெரியவர்களுக்கான நாற்காலியை இரட்டைச் சுவரில்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பட்டணத்து மின்சாரப் பொருள் கடைகளில் குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் வந்திறங்கும் பெட்டிகளைக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அவற்றை மழை படாத இடத்தில் வைத்திருந்தார்களா என்பதைப் பாருங்கள். ஒருமுறை நனைந்து காய்ந்த அட்டை, தொடும்போது விறைப்பாகத் தோன்றினாலும், நெளியும் தாளும் ஒட்டு விட்டுப் பிரிந்திருக்கக்கூடும். விரலால் அழுத்தினால் குழிந்து அப்படியே நிற்கும் இடங்களையும், பெட்டியின் பழைய மடிப்புக் கோடுகளையும் சுவர்ப் பகுதிகளில் வராதபடி ஒதுக்கி வரையுங்கள். இறுதி முன்மாதிரிக்குப் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து மடிக்காத தாளாகவே வாங்குவது நல்லது.

நெளியின் போக்கு எப்படி இருக்க வேண்டும்?

மடித்த அட்டை நாற்காலியில் வடிவமைப்பு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. நெளிகள் மேலிருந்து கீழாக, தூண்களைப் போல் நிற்கும்போதுதான் அட்டை தன் முழு வலிமையுடன் எடையைத் தாங்கும். அவை படுக்கையாகக் கிடந்தால் சுவர் எளிதில் அமுங்கும். பெட்டித் தொழிற்சாலைகளும் இதனாலேயே பெட்டியின் சுவர்களில் நெளியைச் செங்குத்தாக அமைக்கின்றன.

பெட்டிக்கு எளிதான இவ்விதி, ஒரே தாளை மடித்து நாற்காலி செய்யும்போது சிக்கலாகிறது. தாள் முழுவதும் நெளி ஒரே திசையில்தான் ஓடும். ஆனால் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு பக்கமாக மடிகிறது. இருக்கைப் பலகையில் நெளி முன்னிருந்து பின்னாக ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இருக்கையின் முன்விளிம்பிலிருந்து கீழே மடியும் முன்சுவரில் நெளி செங்குத்தாக அமையும், பின்சுவரிலும் அப்படியே. ஆனால், இருக்கையின் வலப்புற, இடப்புற விளிம்புகளிலிருந்து பக்கச் சுவர்களைக் கீழே மடித்தால், அவற்றில் நெளி படுக்கையாகிவிடும். பார்வைக்கு நான்கு சுவர்களும் ஒன்றுபோல் இருக்கும். எடை ஏறியதும் இரண்டு மட்டுமே வேலை செய்யும்.

இதற்குத் தீர்வு, பக்கச் சுவர்களை இருக்கையிலிருந்து பிறப்பிக்காமல், முன்சுவரின் நிமிர்ந்த விளிம்புகளிலிருந்து பின்னோக்கி மடிப்பதாகும். அப்போது மடிப்புக் கோடும் செங்குத்து, நெளியும் செங்குத்து. தாள் ஒன்றே ஆயினும் எல்லாச் சுவர்களும் நிமிர்ந்த நெளியைப் பெறுகின்றன. வரைபடம் போடும் முன், தாளின் மூலையில் நெளியின் போக்கைக் காட்டும் அம்புக்குறி ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியையும் மனத்தால் மடித்து, அம்பு எங்கே திரும்புகிறது என்று பார்த்த பிறகே வெட்டுங்கள்.

மடிப்பதால் வலிமை கூடுகிறதா, குறைகிறதா?

இரண்டும் நடக்கும். மடித்த இடத்தில் அட்டை மெலிகிறது; மடிப்பால் உருவாகும் வடிவமோ விறைப்பாகிறது. செம்பனை ஓலையின் ஒவ்வோர் இலையும் நடு நரம்பில் மடிந்திருப்பதால்தான் அத்தனை நீளத்துக்குத் தொங்கிவிடாமல் நீட்டி நிற்கிறது. தட்டையான தாளுக்கும் ‘ட’ வடிவில் மடித்த தாளுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

சுவர் எவ்வளவு உயரம் தாங்கலின்றி நிற்கிறது என்பதும் முக்கியமானது. ஒல்லியான சுவர் பக்கவாட்டில் வளைந்து மடியும் சுமை, அதன் தாங்கலற்ற உயரத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) எதிர்விகிதத்தில் மாறும். 400 மி.மீ. உயரச் சுவரின் நடுவில் கிடைமட்டத் தாங்கல் ஒன்றை வைத்து 200 மி.மீ. ஆக்கினால், வளைவை எதிர்க்கும் திறன் நான்கு மடங்காகிறது. அட்டையைத் தடிப்பாக்குவதற்குச் செலவிடும் காசைவிட, உள்ளே ஒரு தடுப்பை வைப்பதற்குச் செலவிடும் சிந்தனை அதிகப் பயன் தரும்.

மடிப்புக் கோட்டை எப்படி இடுவது?

அழுத்தி இட வேண்டும். கத்தியால் கீறக் கூடாது. மேல்தாளைக் கீறினால் மடிப்பு அழகாக வரும், ஆனால் இழுவையைத் தாங்கும் தாளே அறுந்துவிடுகிறது. இரும்பு அடிக்கோலை வைத்து, கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையால், முதலில் மெல்லவும் பிறகு அழுத்தியும் இரண்டு மூன்று முறை இழுங்கள். நெளிக்குக் குறுக்கே செல்லும் கோடு நேராக வரும். நெளிக்கு இணையாகச் செல்லும் கோடுதான் பக்கத்து நெளிக்கு நழுவி வளையும். அங்கே அடிக்கோலை நகரவிடாமல் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கோடிடுவது நல்லது.

அளவில் தடிப்பைச் சேர்க்க மறவாதீர்கள். 4 மி.மீ. அட்டையைச் செங்கோணத்தில் மடிக்கும்போது, இரண்டு மடிப்புகளுக்கு நடுவே உள்ள பகுதி உட்புறத்தில் ஏறத்தாழ ஒரு தடிப்பு அளவு சுருங்கும். ஆகவே உள்ளளவு 300 மி.மீ. வேண்டுமானால் கோட்டிலிருந்து கோட்டுக்கு 304 மி.மீ. வரைய வேண்டும். அட்டையை முழுவதுமாகத் திருப்பித் தன்மேலேயே படுக்க வைக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கோடு போதாது. அட்டைத் தடிப்பைப் போல் இரு மடங்கு இடைவெளியில் இரண்டு கோடுகள் இடுங்கள். துண்டுகளைக் கோத்து நிறுத்தும் பிளவுகளின் அகலம் அட்டையின் தடிப்பளவே இருக்கட்டும். தளர்வாக வெட்டிய பிளவில் தடுப்பு சாயும்.

இருக்கை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

பெரியவர்களுக்கு 420 முதல் 450 மி.மீ. வரை பொருந்தும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வயதைவிட உடல் உயரத்தைப் பார்ப்பதே சரி. பள்ளித் தளவாடங்களுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 1729, 1190 முதல் 1420 மி.மீ. வரை உயரமுள்ள பிள்ளைக்கு 350 மி.மீ. இருக்கையையும், 1080 முதல் 1210 மி.மீ. வரை உள்ளவருக்கு 310 மி.மீ. இருக்கையையும் குறிக்கிறது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்துகொண்டால் இன்னும் நல்லது.

முதுகுச் சாய்வு ஏன் எப்போதும் பிய்ந்து போகிறது?

முக்காலி செய்வது எளிது. அதை நாற்காலியாக்குவதுதான் கடினம். சாய்பவர் தம் முதுகால் சுமார் 300 நியூட்டன் விசையைப் பின்னோக்கித் தருகிறார் என்றும், அது இருக்கைக்கு மேல் 300 மி.மீ. உயரத்தில் விழுகிறது என்றும் கொண்டால், இருக்கையும் சாய்வும் சேரும் இடத்தில் 90 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை உண்டாகிறது. அந்த இடத்தில் இருப்பது வெறும் மடிப்புக் கோடு என்றால், அது தன்னளவில் ஒரு கீல்தான். கீலால் திருப்பு விசையைத் தடுக்க முடியாது. பசைநாடாவை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நாடாவின் அடியிலுள்ள தாள் உரிந்து வருமே தவிர, சாய்வு நிற்காது.

ஆகவே சாய்வை இருக்கையின் மேல் நிறுத்திய பலகையாகக் கருதுவதை விட்டுவிட்டு, தரையிலிருந்து எழும் சுவராகக் கருதுங்கள். பக்கச் சுவர்கள் இருக்கை மட்டத்தில் நின்றுவிடாமல், பின்புறத்தில் சாய்வின் உச்சி வரை ஒரே துண்டாக ஏற வேண்டும். அப்போது பக்கச் சுவரின் அகலமே திருப்பு விசையை ஏற்கும். மடிப்புக் கோட்டுக்கு அந்த வேலை இராது. சாய்வுப் பலகையின் பின்னால் ஒரு கை அகலத்துக்கு இன்னொரு சுவரை வைத்து, மேற்புறத்தை மூடி, உள்ளே வெற்றிடமுள்ள பெட்டியாக்கினால் முறுக்கத்தையும் அது தாங்கும். இருக்கையிலிருந்து 95 முதல் 105 பாகைக்குள் சாய்வு இருக்கட்டும். அதற்கு மேல் சாய்த்தால் பின்தள்ளும் விசை விரைந்து கூடுகிறது.

இன்னொன்று, கவிழ்தல். மரநாற்காலியின் சொந்த எடை ஓரளவு அதைத் தரையில் பிடித்து வைக்கிறது. சில கிலோ மட்டுமே உள்ள அட்டை நாற்காலிக்கு அந்த உதவி இல்லை. பின்சுவர் தரையைத் தொடும் கோடு, சாய்வின் உச்சிக்கு நேர்கீழாகவோ அதற்கும் பின்னாலோ அமைய வேண்டும்.

சிறிய மாதிரி செய்து பார்ப்பதால் என்ன பயன்?

வடிவம் புரியும், வலிமை புரியாது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்யுங்கள். அந்த அளவில் ஓர் ஏ4 தாள் 1050க்கு 1485 மி.மீ. முழுத் தாளுக்கு ஈடாகிறது; 4 மி.மீ. அட்டையோ 0.8 மி.மீ. ஆகிறது. பள்ளிக்கூடத்து மணிலா அட்டையை இரண்டாக ஒட்டிப் பயன்படுத்தினால் மடிப்புகள் எங்கே முட்டுகின்றன, எந்தத் துண்டு எதன் வழியைத் தடுக்கிறது என்பதெல்லாம் வீட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். ஆனால் மணிலா அட்டையில் நெளி இல்லை. சிறிய மாதிரியின் மேல் புத்தகங்களை அடுக்கிப் பார்த்து முழு அளவு நாற்காலியின் வலிமையை மதிப்பிடுவதில் பொருளில்லை. சிறிய மாதிரி திருப்தி தந்தவுடன், கடையில் கேட்டு வாங்கிய பெட்டியிலேயே முழு அளவு மாதிரிக்குச் சென்றுவிடுங்கள்.

ஒட்டுவதற்கு ரப்பர் பாலைப் பயன்படுத்தலாமா?

தோட்டத்துப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் கேள்வி இது, நல்ல கேள்வியும்கூட. அம்மோனியா சேர்த்து உறையாமல் காத்த ரப்பர் பால் காகிதத்தை மிக நன்றாகவே பிடிக்கும். ஆனால் ரப்பர் ஒட்டு, தொடர்ந்து இழுக்கும் சுமையில் மெல்ல நகர்ந்து கொடுக்கும். மேலுறை, அலங்காரத் தாள் போன்றவற்றுக்கு அது பொருந்தும். சுவரையும் தடுப்பையும் இணைக்கும் இடத்துக்கு மரவேலைக்குரிய வெள்ளைப் பசையே சரி. மாவுப் பசையைத் தவிர்த்துவிடுங்கள். நெளி அட்டையை ஒட்டுவதற்கே தொழிற்சாலைகள் மாவுச்சத்துப் பசையைத்தான் பயன்படுத்துகின்றன. கரப்பான் பூச்சிக்கு அதற்கு மேலும் விருந்து வைக்க வேண்டியதில்லை. பசையே இல்லாமல், பிளவும் மடிப்பும் மட்டுமே தாங்கும்படி வடிவமைக்க முடிந்தால் அதுவே மேலானது.

நம் ஊர் ஈரக் காற்றில் அட்டை நாற்காலி நிலைக்குமா?

அட்டையின் வலிமையைச் சோதிக்கும் அனைத்துலக வழக்கம், 23 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும் அதை வைத்து அளப்பதாகும். பேராக்கின் உட்பகுதியில் அத்தகைய காற்று இயற்கையாக வீசும் நாள் அரிது. விடியற்காலையில் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே சாதாரணம். தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் மழை மிகும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நாள் முழுதும் காற்று ஈரமாகவே இருக்கும். காகிதத்தின் இழைகள் அந்த ஈரத்தை உறிஞ்சுகின்றன. 50 விழுக்காட்டில் அளந்த நசுங்கு வலிமை, 90 விழுக்காட்டில் ஏறத்தாழ பாதியாகிறது. முதல் விடையில் ஒரு பாதியைக் குறைத்தது இதற்காகத்தான்.

இதைவிட அறிய வேண்டியது ஒன்று உண்டு. எப்போதும் ஈரமாக இருக்கும் அட்டையைவிட, ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் அட்டை, அதே சுமையின் கீழ் விரைவாக அமுங்குகிறது. காகித ஆய்வாளர்கள் நன்கறிந்த இயல்பு இது. காலையில் பனியும் நண்பகலில் வெயிலும் மாலையில் மழையுமாக இருக்கும் நம் ஊரில், கடைகளின் முன்நடையாகிய அஞ்சடியிலோ வீட்டு முன்வாசலிலோ கிடக்கும் நாற்காலி ஒவ்வொரு நாளும் இந்தச் சுழற்சிக்கு உள்ளாகிறது. குளிரூட்டிய கணினி அறையில் ஒரு மாதம் நன்றாக நின்ற நாற்காலி, வெளியே வைத்ததும் சில நாட்களில் இடுப்பொடிந்தால் அதில் வியப்பில்லை.

செய்யக்கூடியவை உண்டு. வெட்டிய விளிம்புகள்தாம் ஈரம் நுழையும் வாசல். நெளியின் திறந்த வாய்களை மெல்லிய தாள் பட்டையால் மூடி ஒட்டுங்கள். சிமெண்டுத் தரையைத் துடைக்கும் நீர் அடிவிளிம்பில் ஏறாதபடி, காலடியில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். எண்ணெய் கலந்த வார்னிஷ் பூசினால் ஈரம் ஏறும் வேகம் குறையும், முற்றாக நின்றுவிடாது. நீர் கலந்த பூச்சை அட்டை நனையுமளவு ஒரே தடவையில் பூசினால் நெளி தளர்ந்துவிடும். அதை மெல்லியதாக, ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பிறகே பூசுங்கள். கறையான் உள்ள வீட்டில் மண்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

எப்படிச் சோதிப்பது?

ஆளை உட்கார வைத்துத் தொடங்காதீர்கள். 10 கிலோ அரிசிப் பைகள் எடையைக் கணக்கிட வசதியானவை. முதலில் இருக்கையின் நான்கு மூலைகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பையாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். ஒரு மூலை மட்டும் முந்தித் தாழ்ந்தால், அந்தப் பக்கத்துச் சுவரின் நெளிப் போக்கையும் பிளவையும் பாருங்கள். நாற்காலி எந்த எடைக்கு வடிவமைக்கப்பட்டதோ அந்த எடையை ஏற்றி ஓர் இரவு முழுவதும் விட்டுவைப்பதுதான் உண்மையான சோதனை. விடியலின் ஈரமும் நீண்டநேரச் சுமையும் அப்போது ஒன்றாகச் சேர்கின்றன. அதை மழைக்காலத்தில், மின்விசிறியோ குளிரூட்டியோ இல்லாத இடத்தில் செய்யுங்கள். காலையில் அளவு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

இது புதிய முயற்சியா?

அல்ல. நெளித்த காகிதத்துக்கு 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஹீலியும் ஆலனும் அதை உயரத் தொப்பிகளின் உள்வரிக்குத்தான் எண்ணியிருந்தனர். 1871இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ், கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றுவதற்காக அதைப் பயன்படுத்தினார். அறைகலனாக மடித்த காகிதத்தை எண்ணிப் பார்த்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் பீட்டர் மர்டாக். 1960களின் முற்பகுதியில் அவர் வடிவமைத்த புள்ளிகள் இட்ட சிறுவர் நாற்காலி தட்டையான தாளாக விற்கப்பட்டு, வீட்டில் மடித்து நிறுத்தப்பட்டது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1972இல் உருவாக்கிய வளைந்த நாற்காலியை இதனோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. அது மடித்தது அல்ல. பல அடுக்கு நெளி அட்டைகளைத் திசை மாற்றி ஒட்டிச் செய்தது. தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டாளர்கள் படுத்த அட்டைக் கட்டில்கள் ஏறத்தாழ 200 கிலோ தாங்குபவை என்று அறிவிக்கப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

ரப்பர் மரம் இத்தனை கிடைக்கும் நாட்டில் அட்டை நாற்காலி எதற்கு?

பால் வற்றிய மரங்களை, நட்டு ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின் வெட்டி, அந்த மரத்தில் நாற்காலி செய்து ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. ஜொகூரின் மூவார் அதற்குப் பெயர் பெற்ற ஊர். நீண்டகாலம் உழைக்க வேண்டிய நாற்காலிக்கு ரப்பர் மரமே ஏற்றது. அட்டை வேறு தேவைக்குரியது. மரத்தில் ஒரு முன்மாதிரி செய்ய இயந்திரமும் தச்சரும் வேண்டும். அட்டையில் ஒரு பதின்மூன்று வயது மாணவி கத்தியும் அடிக்கோலும் கொண்டு மாலையில் ஒன்று செய்து, அது ஏன் சாய்ந்தது என்று பார்த்து, மறுநாள் இன்னொன்று செய்யலாம். விசை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதை இத்தனை குறைந்த செலவில் கற்பிக்கும் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. பள்ளி விழாவுக்கும் சமூக மண்டபக் கண்காட்சிக்கும் சில நாட்கள் தேவைப்படும் இருக்கைகளுக்கும் அது போதும். குத்துவிளக்கும் சூடமும் ஏற்றும் இடத்தின் அருகில் மட்டும் வைக்கக் கூடாது.

நாற்காலி உடைந்துவிட்டால்?

உடனே கசக்கி எறிந்துவிடாதீர்கள். மடிப்புகளைப் பிரித்து மீண்டும் தட்டையாக விரித்து, நசுங்கிய கோடுகள் அனைத்தையும் சிவப்பு மையால் வரையுங்கள். சுவரின் நடுவில் குறுக்காக வளைந்த கோடு இருந்தால் தாங்கல் போதவில்லை. அடிவிளிம்பு மட்டும் கசங்கியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பிளவின் முனையிலிருந்து கிழிசல் ஓடியிருந்தால் பிளவை ஆழமாக வெட்டிவிட்டீர்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து, அடுத்த வரைபடத்தின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் பசைநாடாவையும் பிளாஸ்டிக் பட்டைகளையும் உரித்துவிட்டுப் பழைய பொருள் கடையில் போடலாம். வார்னிஷ் பூசியதையும் எண்ணெய் ஊறியதையும் சுத்தமான அட்டையுடன் கலக்காமல் தனியாக வையுங்கள்.